நடைக்கு என்ன விலை? படாளத்திலிருந்து அந்தியூர் குதிரைச் சந்தைக்கு!

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டு தாண்டியதும் பாலாற்றுப் பாலம். அதைக் கடந்து மாமண்டூர், அடுத்து படாளம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்கள், வேடந்தாங்கலுக்குத் திரும்பும் கூட்ரோடு, டீக்கடைகள். ஊருக்கு அடையாளம் இவைதான். வருஷா வருஷம் எங்கிருந்தோ வந்து போகும் பறவைகளைப் பற்றிக் கேட்டால் இங்கே சின்னப் பிள்ளைகூட பதில் சொல்லும். குதிரையைப் பற்றிக் கேட்டால், ``அதுக்கு மகாபலிபுரம் போகணும்'' என்பார்கள்.

மாமல்லபுரம் ஒன்றும் தூரம் இல்லை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் ஒரு மணி நேரம். கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மணலுக்கு வந்தால், கழுத்தில் மணியும் நெற்றியில் குஞ்சமுமாகக் குதிரைகள் நிற்கும். குழந்தையை ஏற்றி உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சில நிமிஷச் சவாரிதான். ஆனால், இறங்கும் குழந்தைகளில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்... ``அப்பா, நாமளும் ஒரு குதிரை வாங்கலாமா?''

பெரும்பாலான அப்பாக்கள் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். படாளத்தைச் சேர்ந்த ஒரு கரும்பு விவசாயி மட்டும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வயல் வரப்பு, ஏரிக்கரை என்று காலையில் ஒரு சுற்றுப் போய்வர ஒரு சவாரிக் குதிரை வேண்டும் என்பது அவருக்கும் சின்ன வயது ஆசை. அவருடைய பெரியப்பா ஒரு காலத்தில் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். அவரிடம் யோசனை கேட்கிறார்.

``குதுர வாங்கறதுன்னா ஆடி மாசம் அந்தியூருக்குப் போவணும். ஆனா ஒண்ணு... கலரப் பாத்து வாங்காத. நடயப் பாத்து வாங்கு'' என்கிறார் பெரியப்பா.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நாமும் அந்தியூர் வரை போய்வரலாம்.

கப்பலில் வந்த குதிரைகள்

கிளம்பும் முன், படாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பழைய கதை.

தமிழ்நாட்டு மண்ணில் மாடு செழித்த அளவுக்குக் குதிரை செழித்ததில்லை. காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி என்று மாட்டினங்களுக்கு இங்கே பெயர் இருக்கிறது. அப்படிப் பெயர் சொல்லும் குதிரை இனம் நமக்கு இல்லை. அதனால் சங்க காலம் தொட்டே குதிரை இங்கே `வாங்கும் பொருள்'தான்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், பால் நிறக் குதிரைகளையும் வடநாட்டுச் சரக்குகளையும் கொண்டுவந்த கப்பல்கள் சூழ்ந்து நிற்கும் ஒரு துறைமுகம் வருகிறது. நீர்ப்பெயற்று என்பது அதன் பெயர். அது இன்றைய மாமல்லபுரம்தான் என்பது ஆய்வாளர்கள் சிலருடைய கருத்து. அந்தப் பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையையும் பாடினார். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியாகக் குதிரைகள் வந்த செய்தி அதிலும் உண்டு.

இன்று குழந்தைகள் குதிரை ஏறும் இந்தக் கடற்கரை ஓரத்தில், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே குதிரைகள் வந்து இறங்கியிருக்கலாம். ஏதோ ஓர் ஊர்க்காரர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து விலை பேசியிருப்பார்.

ஆடி மாதம்... அந்தியூர்!

படாளத்திலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை. அங்கே திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பினால் கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம். பிறகு சங்ககிரி, பவானி. காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வடமேற்கே போனால் அந்தியூர். மொத்தம் சுமார் 350 கிலோமீட்டர். வடக்கே பர்கூர் மலை, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நீலமாக நிற்கும்.

அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் இருக்கிறது குருநாதசுவாமி கோயில். ஆடி மாதப் பெருந்திருவிழாவின்போது சுவாமிகளை உயரமான மகமேரு தேர்களில் வைத்து, பக்தர்கள் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் திருவிழாவோடு சேர்ந்து கூடுவதுதான் இந்தக் கால்நடைச் சந்தை. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்பது தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்தில் சொல்லப்படும் செய்தி.

சந்தைக்குள் நுழைந்தால் முதலில் காதுதான் திறக்கும். மேளம் ஒரு பக்கம், கனைப்பு ஒரு பக்கம், ராட்டினச் சத்தம் ஒரு பக்கம். பர்கூர் மலை மாடு, காங்கேயம் காளை, எருமை, ஆடு, நாட்டுக் கோழி, நாய் என்று எல்லாம் உண்டு. ஆனால், கூட்டம் மொய்ப்பது குதிரைகள் கட்டியிருக்கும் வரிசையில்தான்.

ராஜஸ்தானின் மார்வாரி. இரண்டு காது நுனிகளும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். குஜராத்தின் கத்தியவாரி. அதற்கும் காது வளைவுதான். உடம்பு கொஞ்சம் சின்னது. நொக்ரா என்று அழைக்கப்படும் தூய வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலத்துக்கு இதைத்தான் கேட்பார்கள். நான்கு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் `பஞ்சகல்யாணி'. அதற்குத் தனி மவுசு. விலை சில பத்தாயிரங்களில் தொடங்கி, பல லட்சங்கள் வரை போகும்.

நடுவில் திடீரென்று கூட்டம் வட்டம் கட்டும். மேளம் அடிக்க அடிக்க, ஒரு குதிரை முன்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். செல்போன்கள் உயரும். படாளத்துக்காரரின் மகளுக்கு அந்த வெள்ளைக் குதிரைதான் வேண்டும். வீடியோ காலில் பார்த்துவிட்டாள்.

``அது ஆடுதுப்பா... வாங்குப்பா!''

பெரியப்பா சிரிக்கிறார். ``ஆடற குதுரயா வேணும், நடக்கற குதுரயா வேணும்?''

நான்கு கால்... நான்கு தாளம்!

பெரியப்பா சொல்லும் `நடை' என்ன என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

சாதாரணமாக நடக்கும்போது குதிரையின் நான்கு குளம்பும் ஒவ்வொன்றாகத் தரையில் படும். `டக் டக் டக் டக்' என்று நான்கு தாளம். வேகம் கூடினால், பெரும்பாலான குதிரைகள் குலுக்கோட்டத்துக்கு மாறும். வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக. இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக. இப்போது `டக்... டக்...' என்று இரண்டே தாளம். ஒவ்வொரு தாளத்துக்கும் நடுவில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் குதிரையின் நான்கு காலும் அந்தரத்தில் இருக்கும். மேலே உட்கார்ந்திருப்பவரும் அந்தரத்துக்குப் போய்த் திரும்ப `தொப்' என்று விழுவார். முதன்முதலாகக் குதிரை ஏறியவர்கள் மறுநாள் உட்கார முடியாமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான். அதற்கும் மேலே வேகம் என்றால், நாலுகால் பாய்ச்சல்.

சில குதிரைகள் மட்டும் வேகம் கூடினாலும் இரண்டு தாளத்துக்கு மாறாது. நடையின் அதே நான்கு தாளத்தை அப்படியே வேகப்படுத்தும். எந்த நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்கும். அதனால் முதுகு தூக்கிப்போடாது. மார்வாரியிலும் கத்தியவாரியிலும் இருக்கும் இந்த நடையை வடக்கே `ரேவால்' என்பார்கள். பாலைவனத்தில் நாள் முழுக்கப் பயணம் செய்தவர்களுக்கு இந்த நடைதான் உயிர். ஏறியவரின் இடுப்பும் நோகாது, குதிரையும் சீக்கிரம் களைக்காது.

உலகம் முழுக்க இந்த நடைக்கு ரசிகர்கள் உண்டு. ஐஸ்லாந்துக் குதிரைகளில் இதற்கு `டோல்ட்' என்று பெயர். கொலம்பியாவில் `பாசோ ஃபீனோ' என்ற இனமே இதற்காகத்தான் வளர்க்கப்படுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தோட்ட முதலாளிகள் நாள் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றிவர வளர்த்த குதிரைகளும் இந்த வகைதான். நல்ல சாலைகளும் சாரட் வண்டிகளும் வருவதற்கு முன், ஐரோப்பாவில் நெடுந்தூரம் போகிறவர்கள் தேடித் தேடி வாங்கியது இப்படி மெத்தென்று நடக்கும் குதிரைகளைத்தான்.

இது பழக்கத்தால் வருவதா, பிறவியிலேயே வருவதா? இரண்டும்தான். 2012-ம் ஆண்டு சுவீடன் ஆய்வாளர்கள், ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்து, நடையைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு வகிக்கும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் டி.எம்.ஆர்.டி-3. பிறவியில் வந்த வரத்தை, பொறுமையான பழக்கம் மெருகேற்றுகிறது.

ஜட்காக்காரப் பெரியப்பாவுக்கு மரபணு தெரியாது. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். தாளம் சீராக நான்காக விழுந்தால் நல்ல நடை. இரண்டிரண்டாகச் சேர்ந்து விழுந்தால் குலுக்கல். நாலில் ஒன்று மட்டும் மெதுவாக விழுந்தால், அந்தக் கால் வலிக்கிறது என்று அர்த்தம்.

`ஏறிப் பாருங்கண்ணா!'

வரிசையின் ஓரத்தில் ஒரு செவலைப் பெண் குதிரை. குஞ்சம் இல்லை, மணி இல்லை. பெரியப்பா அதன் பக்கம் போகிறார்.

``வாங்கண்ணா, எந்த ஊருங்க?'' வியாபாரியின் கொங்குத் தமிழ்.

``படாளங்க. செங்கல்பட்டுப் பக்கம். இதுக்கு இன்னா வயசு?''

``ஆறுங்க. வாயப் பாருங்க.''

குதிரையின் வயதுச் சான்றிதழ் அதன் வாயில்தான் இருக்கிறது. இரண்டரை வயதில் நடு முன்பற்கள் விழுந்து முளைக்கும். மூன்றரையில் அடுத்த ஜோடி, நான்கரையில் ஓரத்து ஜோடி. ஐந்து வயதில் வாய் நிரம்பிவிடும். அதன் பிறகு, கீழ்த்தாடைப் பற்களின் மேல் உள்ள கறுப்புக் குழி தேயத் தொடங்கும். ஆறில் நடுப் பல்லில் மறையும், ஏழில் அடுத்ததில், எட்டில் ஓரத்தில். பத்து வயது வாக்கில் மேல்தாடை ஓரப் பல்லில் ஒரு கோடு எட்டிப்பார்க்கும். அது பாதிப் பல்லுக்கு இறங்கினால் வயது 15. முழுதும் இறங்கினால் 20. பல்லைக் குடைந்து, சூடு வைத்துக் கறுப்புக் குழியைப் போலியாக உண்டாக்கும் தந்திரம் உலகம் முழுக்கப் பழசு. அதனால் ஒரு பல்லை மட்டும் நம்பக் கூடாது. எல்லாப் பற்களும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

செவலையின் பற்கள் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. பெரியப்பா காலைத் தடவுகிறார். குளம்பைத் தொட்டுப் பார்க்கிறார், சூடு இல்லை. கண் முன்னால் கையை ஆட்டுகிறார், இமைக்கிறது.

``சுழி எப்படி?''

வியாபாரி கொஞ்சம் தயங்குகிறார். ``அதான்ங்க... ஒரு சுழி சரியில்லன்னு ரெண்டு பேரு திருப்பிட்டாங்க. மறைக்கல, சொல்லிட்டேன்.''

மாட்டுக்குப் பார்ப்பதைப் போலவே குதிரைக்கும் சுழி பார்ப்பது நம் சந்தைகளின் வழக்கம். உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து, வீட்டுக்கு ஆகும், ஆகாது என்று முடிவுசெய்வார்கள். `சுழி சுத்தம்' என்று சொன்னாலே விலை ஏறும். சரியில்லை என்றால், எவ்வளவு நல்ல குதிரையானாலும் விலை இறங்கும். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால், சுழிக்கும் காலுக்கும் சம்பந்தம் இல்லை. சுழி பார்க்காதவர்களுக்கு, நல்ல நடை குறைந்த விலையில் கிடைக்கும் இடமும் இதுதான்.

``ஏறிப் பாருங்கண்ணா'' என்று கயிற்றை நீட்டுகிறார் வியாபாரி.

பெரியப்பா தடுக்கிறார். ``மொதல்ல நீ ஏறு தம்பி. நாங்க பாக்கறோம்.''

இது அனுபவசாலிகளின் முதல் விதி. விற்பவர் ஏறத் தயங்கும் குதிரையில் வாங்குபவர் ஏறக் கூடாது. வியாபாரி ஏறி, கூட்டத்தைத் தாண்டிக் கெட்டியான மண் பாதைக்குப் போகிறார். குளம்புச் சத்தம் கேட்கிறது. நான்கு தாளம். வேகம் கூடுகிறது. இன்னும் நான்குதான். வியாபாரியின் தலையும் தோளும் மேலே கீழே போகவில்லை. படகில் போகிறவர் மாதிரி ஒரே மட்டத்தில் போகிறது.

திரும்பி வந்ததும், டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்து நீட்டுகிறார் பெரியப்பா. ``இத கைல புடிச்சிக்கினு இன்னொரு ரவுண்டு போய்ட்டு வா.''

நடைக் குதிரைகளுக்கு உலகம் முழுக்கச் செய்யப்படும் பரீட்சை இது. அமெரிக்காவில் இதையே கண்காட்சிப் போட்டியாக நடத்துகிறார்கள். டம்ளரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதுதான் மார்க். அடுத்து, படாளத்துக்காரரே ஏறி ஒரு சுற்று வருகிறார். அவருக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சிந்துகிறது. ஆனால், முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

இன்னொன்றையும் பெரியப்பா பார்க்கிறார். கடிவாளத்தை வாயில் கை விட்டுத் தடவுகிறார். முள் வைத்த கடிவாளத்தால் வாயை இழுத்துத் தலையைத் தூக்கிவைத்தால், எந்தக் குதிரையும் கொஞ்ச தூரம் ஒய்யாரமாக நடக்கும். அது நடை இல்லை, வலி. முள் கடிவாளத்தை 1965-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. செவலையின் வாய் ஓரத்தில் புண் இல்லை, தழும்பு இல்லை.

காலையில் பரி... ராத்திரியில் நரி!

உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா? கூடாது. குதிரை வாங்கிய கதைகளிலேயே நம் ஊரில் பெரிய கதை ஒன்று இருக்கிறது.

பாண்டிய மன்னனின் மந்திரியான மாணிக்கவாசகர், குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்டார். திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பொன்னைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வியாபாரியாக மதுரைக்கு வந்து ஒப்படைத்தார். அன்று ராத்திரியே குதிரைகள் திரும்ப நரிகளாகிவிட்டன. கயிறு கைமாறிய பிறகு பொறுப்பு வாங்கியவருடையது என்ற வியாபார வழக்கமும் அந்தத் திருவிளையாடலில் வருகிறது.

பக்திக் கதைதான். ஆனால், குதிரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் உள்ளூர இருக்கும் பயமும் அதுதான். சந்தையில் சாதுவாக நின்றது, வீட்டுக்கு வந்ததும் கடிக்கும், உதைக்கும், நொண்டும். மயக்க மருந்தோ, வலி மருந்தோ கொடுத்து நிறுத்தியிருந்தால், மருந்தின் வேகம் இறங்கிய பிறகுதான் உண்மை தெரியும்.

இதற்கு ஒரே மாற்று, நேரம். அந்தியூர்த் திருவிழா ஒரே நாளில் முடிவதில்லை என்பது வாங்குபவருக்குச் சாதகம். இன்று மாலை பார்த்த குதிரையை மறுநாள் விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். தின்கிறதா, சாணி போட்டிருக்கிறதா, எழுந்த முதல் நான்கு அடி எப்படி இருக்கிறது? ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. ஓய்வில் இருக்கும் நல்ல குதிரையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 28 முதல் 44 முறை துடிக்கும். கிளான்டர்ஸ் என்ற நோய் இல்லை என்பதையும் ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். அது மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய். 2009-ம் ஆண்டு சட்டத்தின்கீழ் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் ஒன்று.

மறுநாள் விடியற்காலை. செவலை புல்லை மென்றுகொண்டிருக்கிறது. பெரியப்பாவைப் பார்த்து ஒரு காதைத் திருப்புகிறது. வியாபாரி துண்டை எடுத்துக் கையின் மேல் போடுகிறார். துண்டுக்குள் இரண்டு கைகள், விரல்களால் விலை பேசுகின்றன. வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு முறை கை உதறப்படுகிறது. மூன்றாவது முறை, கயிறு கைமாறுகிறது.

பாண்டியன் தோற்ற இடம்

கயிறு கைமாறியதோடு கதை முடிவதில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

13-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே நடந்த குதிரை வியாபாரத்தைப் பார்த்து மலைத்துப்போய் எழுதியிருக்கிறார். அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து மன்னர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள்; ஆனால், வருஷக் கடைசியில் அவற்றில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை; சமைத்த சோற்றையும் இறைச்சியையும் கொடுத்தார்கள்; லாடம் அடிப்பவர் இல்லை என்று காரணமும் சொல்கிறார். வஸ்ஸாப் என்ற பாரசீக வரலாற்று ஆசிரியரோ, ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால், சொல்லும் செய்தி தெளிவானது. வாங்கத் தெரிந்த அரசுக்கு, வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

படாளத்துக்காரர் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்க வேண்டும்.

முதலில் பயணம். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ம் ஆண்டு விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானது என்று மருத்துவர் சான்றிதழ் வேண்டும. வண்டியில் வழுக்காத தரை, வைக்கோல் பரப்பு, நடுநடுவே தண்ணீர். ராத்திரிக் குளிர்ச்சியில் பயணம் செய்வது குதிரைக்கு நல்லது.

அடுத்து சாப்பாடு. கரும்பு ஊரில் மாட்டுக்குத் தோகையைக் கட்டுக்கட்டாகப் போட்டுப் பழக்கம். குதிரை, மாடு இல்லை. அசைபோடாது, இரைப்பை சின்னது, வாந்தி எடுக்க முடியாது. திடீரென்று தீவனத்தை மாற்றினால் வயிற்றுவலி வரும். அந்த வலியே உயிரை எடுத்துவிடும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 கிலோ உலர்தீவனக் கணக்கு. அதில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். அளவான கொள்ளு, தவிடு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளைகளில். தண்ணீர் 30, 40 லிட்டர் குடிக்கும். மிச்சமிருக்கிறதே என்று மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரைக்கு விஷம்.

மூன்றாவது, நம் கடலோரப் புழுக்கம். வறண்ட ஊரிலிருந்து வந்த குதிரைக்குச் செங்கல்பட்டு வெயிலோடு சேரும் ஈரக்காற்று புதிது. குதிரை வியர்த்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வெயிலில் மூச்சு வாங்கியபடி, உடம்பு உலர்ந்து நின்றால், உடனே நிழல், தண்ணீர், மருத்துவர். சவாரி எல்லாம் விடியலில்தான்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாக, குளம்பு. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். லாடம் அடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் நீண்டு வளர்ந்த குளம்பு, காசு கொடுத்து வாங்கிய அந்த நான்கு தாளத்தைச் சில மாதங்களிலேயே கெடுத்துவிடும். ஆணி குத்தினால் டெட்டனஸ் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. லாடம் அடிப்பவரைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் குதிரையைக் கண்டுபிடிக்கப் போக வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்சி. பெரிய சிகிச்சை என்றால், சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு குதிரை 25 வயதைத் தாண்டி வாழும். அப்படியென்றால், ஆறு வயதுச் செவலையை வாங்குகிறவர் கிட்டத்தட்ட 20 வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். சவாரிக்கு ஆகாத கடைசி வருஷங்களும் அதில் சேர்த்தி. கடற்கரையிலும் கல்யாண ஊர்வலத்திலும் சில சமயம் கண்ணில் படும் விலா எலும்பு தெரியும் குதிரைகளும், ஒரு காலத்தில் யாரோ ஆசை ஆசையாகத் துண்டுக்குள் கைவிட்டு வாங்கியவைதான். பல கை மாறி மாறி, ஒவ்வொரு கைக்கும் விலை குறைந்து, அங்கே வந்து நிற்கின்றன. முதல் கையே அதைக் கடைசிவரை வைத்துக்கொள்ளும் என்றால், அந்தப் பயணமே தொடங்காது.

விடியற்காலைச் சத்தம்

ராத்திரி பவானியைத் தாண்டிய வண்டி, விடியும் நேரத்தில் படாளம் கூட்ரோட்டில் திரும்புகிறது. பின்பலகை இறங்குகிறது. செவலை முதலில் மூக்கை நீட்டி, புது ஊரின் காற்றை முகர்கிறது. ஆலைப் பக்கமிருந்து வெல்லம் கலந்த வாசனை. மகள் ஓடி வருகிறாள். வெள்ளைக் குதிரை இல்லையே என்று ஒரு விநாடி முகம் வாடுகிறது.

``இது ஆடுமா பெரிய தாத்தா?''

``ஆடாது கண்ணு. நீ மேல குந்திக்கினு தண்ணி குடிக்கலாம்.''

ரெண்டு வாரம் யாரும் ஏறக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். தண்ணீரும் தீவனமும் ஊரும் பழக வேண்டும். அதுவரை கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். மகள் கயிற்றைப் பிடிக்கிறாள். ஏரிக்கரையின் கெட்டியான மண்ணில் குளம்புச் சத்தம் விழுகிறது.

டக் டக் டக் டக்.

பெரியப்பா திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறார். நான்கும் சரியாக இருக்கிறது.

சந்தைக்குப் போகிறவர்களுக்கு...

* எப்போது: ஆடி மாதத்தில், குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி. பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பாதியில் வரும். தேதியை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

* எப்படிப் போவது: ரயிலில் ஈரோடு வரை போய், அங்கிருந்து பவானி வழியாகப் பேருந்தில் அந்தியூர். செங்கல்பட்டுப் பக்கமிருந்து காரில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை - சேலம் பாதை வசதி.

* கூடவே பார்க்க: பவானி சங்கமேஸ்வரர் கோயில், அந்தியூர் பத்ரகாளியம்மன் கோயில், வரட்டுப்பள்ளம் அணை. பவானியில் ஒரு ஜமுக்காளம் வாங்க மறக்காதீர்கள்.

* குழந்தைகளோடு போனால்: குதிரையின் பின்பக்கமாகப் போகவிடாதீர்கள். தோள் பக்கமாக, அதன் கண்ணில் படும்படி போக வேண்டும். சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

* வாங்கும் எண்ணம் இருந்தால்: முதல் வருஷம் பார்க்க மட்டும் போங்கள். குளம்புச் சத்தத்தை எண்ணிப் பழகுங்கள். அடுத்த வருஷமும் ஆடி வரும், சந்தையும் கூடும்.